ஓரிரவு இருக்கை

காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. பட்டு நெசவாளர் குடும்பங்கள் வாழும் பகுதி. காஞ்சி மகாசுவாமிகளின் கல் மணிமண்டபம் எழுந்தபின் வெளியூர்க்காரர்களும் அறிந்த பெயராகிவிட்டது. அந்தப் பெயருக்கு வைணவ மரபு ஒரு கதை சொல்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன், பல்லவ மன்னனைப் பாட மறுத்தான். மன்னன் அவனை நாடு கடத்தினான். சீடன் கிளம்பியதும் ஆழ்வாரும் கிளம்பினார். அவர் சொன்னதும் பெருமாள் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்றிரவு மூவரும் தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை'. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். மறுநாள் மன்னன் மன்னிப்புக் கேட்க, மூவரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள். ஆழ்வார் சொன்னபடி போகவும் வரவும் செய்ததால் அந்தப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர்.

சொற்பிறப்பு ஆராய்பவர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு விவகாரம். ஓர் இரவு படுத்து எழுந்ததையே ஓர் ஊர் தன் பெயராக வைத்துக்கொண்டது என்பதுதான் என்னை ஈர்ப்பது. துரத்தப்பட்டவர்களுக்கும் ஓர் இரவு வேண்டும். அந்த ஓர் இரவு கிடைக்காதவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை. நம் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. செங்கல்பட்டு அரசுக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. ஏனாத்தூரில் தனியார் கல்லூரி இருக்கிறது. சென்னை நோக்கிப் போகும் சாலைகளில் இன்னும் பல. தறிக்குழியில் கால் வைத்துப் பிழைத்த குடும்பங்களிலிருந்தும் இவற்றுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களிடம் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறோம்: படிப்பையும் உடம்பையும் சமமாகப் பார்த்துக்கொள். நேர அட்டவணை போடு. அதிகாலையில் எழுந்திரு. யோகா செய். கைப்பேசியைத் தள்ளி வை. ஒரு பொழுதுபோக்கை வளர்த்துக்கொள்.

இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த அறிவுரைகளெல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன. நேரம் மாணவரின் கையில் இருக்கிறது, அதைப் பங்கிடத் தெரியாததுதான் அவருடைய குறை என்பதே அந்த அனுமானம். சமநிலை என்றதும் தராசு நினைவுக்கு வருகிறது. தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

*

முதலில் இளநிலைப் படிப்பைப் பார்ப்போம். நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணி. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். வகுப்புகளுக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் வருகை வேண்டும். முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் தேற வேண்டும். இவையெல்லாம் ஒரு தீவிரமான தொழிலுக்கு நியாயமான நிபந்தனைகளே. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. வகுப்பில் அமர்ந்திருக்கும் 150 பேரும் தத்தம் பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள். இங்கே முதலிடம் ஒன்றுதான். மீதி 149 பேர் தம் வாழ்வில் முதன்முறையாகச் சராசரி என்ற சொல்லைச் சந்திக்கிறார்கள். இது யாருடைய குற்றமும் அல்ல, வெறும் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

போதாக்குறைக்கு, அவர்கள் களைத்தே உள்ளே நுழைகிறார்கள். தமிழகத்தில் 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்தது. 2017-இல் நீட் வந்தது. இதன் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அறிக்கை அளித்தது. 2016–17-இல் சேர்ந்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினரே முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்தவர்கள். 2020–21-இல் அது 71 விழுக்காட்டைத் தாண்டியது. அதாவது சேருபவர்களில் பெரும்பாலோர் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி மையத்தில் காலையிலிருந்து இரவுவரை வினாத்தாள்களோடு கழித்துவிட்டு வருகிறார்கள். 'சீட் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதே அந்நாள்களில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட தாலாட்டு. கல்லூரி வாசலில் அது பொய் என்று தெரிகிறது.

2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. அது மிகப் பெரிய காரியம். அவர்களில் தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்கிறார்கள், ஒன்று மருத்துவம், மற்றொன்று ஆங்கிலம். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார் என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அந்த வழி தொடரவில்லை. இன்று ஒரு பக்கத்தை மற்றவர் ஒருமுறை படிக்கும் நேரத்தில், இந்தப் பிள்ளை அகராதியோடு அரைப் பக்கம் நகர்கிறது. இருவருக்கும் ஒரே நேர அட்டவணையை எப்படிப் பரிந்துரைப்பது?

இனி வீட்டுப் பக்கம். ஓரிக்கை போன்ற ஊரில் கோர்வைப் புடவை நெய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். உடலும் கரையும் வேறுவேறு நிறம், அவற்றைச் சேர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாடாவைப் போட, மற்றவர் பக்கத்திலிருந்து கரைக்கு எடுத்துக் கொடுப்பார். வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கை கொடுத்த காலம் நெடுநாள் நீடித்தது. இன்று அந்தப் பிள்ளை மருத்துவம் படிக்கப் போனால், பக்கத்து இருக்கையில் அம்மா உட்காருகிறார், அல்லது கூலிக்கு ஓர் ஆள். பிள்ளைக்கு இது தெரியும். தறியில் முதுகு வளைந்து, கண் மங்கி, புடவைக் கணக்கில் கூலி வாங்கும் தகப்பனிடம் 'எனக்குக் களைப்பாக இருக்கிறது' என்று எந்த வாயால் சொல்வது? உட்கார்ந்து படிப்பதில் என்ன களைப்பு என்று அவர் கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்வியைப் பிள்ளையே தனக்குள் கேட்டுக்கொள்கிறது. ஓய்வெடுப்பது திருட்டுப்போல் தோன்றத் தொடங்குவது இங்கேதான். முதல் தலைமுறை மாணவர்களின் இந்தக் குற்றவுணர்வை எந்த யோகா வகுப்பும் தொடுவதில்லை.

*

பயிற்சி மருத்துவராகவும் முதுநிலை மாணவராகவும் ஆனபின் கதை மாறுகிறது. அதுவரை மனத்தை அழுத்தியது இப்போது உடம்பையும் பிடித்துக்கொள்கிறது. இருபத்து நான்கு மணி நேரப் பணி, அது முடிந்ததும் வழக்கமான பகல் பணி. முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் ஒருவர் வார்டில் நிற்பது நம் மருத்துவமனைகளில் செய்தியே அல்ல. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டபோதுதான், நெடும்பணிக்கு நடுவே ஒரு மருத்துவருக்குத் தலை சாய்க்கத் தனி அறைகூட இல்லை என்பதை நாடு கவனித்தது.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1889-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறை அது. பயிலும் மருத்துவர் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். 'ரெசிடென்ட்' என்ற சொல் அந்தக் குடியிருப்பைத்தான் குறிக்கிறது. நவீன அறுவை மருத்துவம் ஹால்ஸ்டெட்டுக்குப் பெரிதும் கடன்பட்டது. ஆனால் அவர் 1884 முதல் கொக்கெயினுக்கும், பிறகு அதிலிருந்து மீட்கத் தரப்பட்ட மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தார். வாழ்நாள் இறுதிவரை அது அவரை விடவில்லை என்பது, உடன் பணியாற்றிய ஆஸ்லர் எழுதி வைத்த ரகசியக் குறிப்புகள் 1969-இல் வெளியானபோது உறுதியாயிற்று. அவருடைய பழக்கத்தையும் அவர் வகுத்த முறையையும் ஒரே கோட்டில் இணைப்பது நியாயமாகாது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். சோர்வே அறியாத மருத்துவர் என்ற இலட்சிய உருவத்தை நமக்குத் தந்த மனிதரே அந்த உருவமாக இருக்கவில்லை.

1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனையில் லிபி ஜயன் என்ற 18 வயதுப் பெண் இறந்தாள். அவள் உட்கொண்டுவந்த மருந்தோடு ஒவ்வாத ஒரு மருந்து அங்கே கொடுக்கப்பட்டது. அன்றிரவு அவளைப் பார்த்துக்கொண்ட இளம் மருத்துவர்கள் ஏராளமான நோயாளிகளை ஏற்றுக்கொண்டு நெடுநேரப் பணியில் இருந்தவர்கள். பெண்ணின் தந்தை சிட்னி ஜயன் பத்திரிகையாளர். அவர் விடாமல் போராடியதன் விளைவாக நியூயார்க் மாநிலம் 1989-இல் வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-இல் அமெரிக்கா முழுவதும் அந்த வரம்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் வாரம் 48 மணி நேரம். கவனிக்க வேண்டியது, இந்தச் சீர்திருத்தம் மருத்துவர்களின் நலனைக் கருதித் தொடங்கவில்லை என்பது. தூங்காத மருத்துவரின் கையில் நோயாளி பாதுகாப்பாக இல்லை என்பதிலிருந்தே அது தொடங்கியது. 2004-இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய முறையில் பணிசெய்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தபோது செய்ததைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்தனர்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம், முதுநிலை மருத்துவர்களின் பணி தொடர்ந்து 12 மணி நேரத்தையும், வாரம் 48 மணி நேரத்தையும் சாதாரணமாகத் தாண்டக்கூடாது என்று வழிகாட்டியது. அது காகிதத்தில் நின்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் மணிக்கணக்கைச் சொல்லாமல் 'நியாயமான' பணி நேரம் என்றன. ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-இல் தன் அறிக்கையில் பரிந்துரைத்தது வாரம் 74 மணி நேரம்: ஒருநாள் 24 மணி நேரம், ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒருநாள் விடுப்பு. முப்பத்திரண்டு ஆண்டுகளில் 48 என்பது 74 ஆகியிருக்கிறது. இதையும் முன்னேற்றம் என்று வரவேற்க வேண்டிய நிலையில் இருக்கிறோம் என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

அந்தப் பணிக்குழு 25,590 இளநிலை மாணவர்களிடமும் 5,337 முதுநிலை மாணவர்களிடமும் இணையவழியே கேட்டறிந்தது. இளநிலையில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாக இளநிலையில் 16.2 விழுக்காட்டினரும் முதுநிலையில் 31.2 விழுக்காட்டினரும் சொன்னார்கள். முதுநிலையில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தாமே முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் இதைச் சற்று எச்சரிக்கையோடு படிக்கலாம். ஆனால் இதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த ஒரு கணக்கில் அந்தச் சலுகைக்கு இடமில்லை. ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், அவர்களில் 64 பேர் இளநிலை, 58 பேர் முதுநிலை.

*

மூத்த மருத்துவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதைக் கேலி செய்யாமல் கேட்க வேண்டும். நோய் மணி பார்த்து வருவதில்லை, ஒரு நோயாளியை முதல் இரவிலிருந்து கடைசிவரை தொடர்ந்து பார்த்தால்தான் நோயின் போக்குப் புரியும், ஆள் மாறும்போது தகவல் சிந்தும் என்கிறார்கள். உண்மைதான். தறியில் பாதிப் புடவையில் கை மாறினால் நெசவின் அழுத்தம் மாறும் என்பதை எந்த நெசவாளரும் சொல்வார். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவை மருத்துவப் பயிற்சியில் தொடர் பணிக்கான வரம்பைத் தளர்த்தியும் நோயாளிகளுக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை. நீள்பணிக்கு ஆதரவாக இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அதே ஆய்வில், வரம்பு தளர்ந்த பிரிவினர் தங்கள் குடும்பத்துக்கும் ஓய்வுக்குமான நேரம் பறிபோனது என்று சொன்னதை எடுத்துக் காட்டுவதில்லை. அங்கே இரு பிரிவினருக்கும் வாரம் 80 மணி நேரம் என்ற மேல்வரம்பு அப்படியே இருந்தது என்பதையும் சொல்வதில்லை. கூரையுள்ள வீட்டில் சன்னலைத் திறந்து பார்த்த சோதனை அது. கூரையே இல்லாத நம் வீட்டுக்கு அது பொருந்தாது.

'நாங்களும் இப்படித்தான் கற்றோம்' என்பது அவர்களுடைய இன்னொரு பதில். கற்றார்கள், ஐயமில்லை. என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு இலக்கியத்தில் சாட்சி இருக்கிறது. மிகயீல் புல்ககோவ் 1916-இல் படிப்பு முடிந்த கையோடு ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தின் ஒரு கிராமத்துக்குத் தனி மருத்துவராக அனுப்பப்பட்டார். அங்கே மார்ஃபினுக்கு ஆட்பட்டு, மீண்டு, பின்னாளில் 'மார்ஃபின்' என்ற கதையை எழுதினார். சாமுவேல் ஷெம் என்ற புனைபெயரில் ஓர் அமெரிக்க மனநல மருத்துவர் எழுதி 1978-இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் காட்' நாவல், முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களின் கதை. அவர்களில் ஒருவன் ஆண்டு முடிவதற்குள் இல்லாமல் போகிறான். வெளிவந்தபோது மூத்த மருத்துவர்கள் பலர் அதை வெறுத்தார்கள். இளையவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். அந்த நாவலில் என்னைத் தொந்தரவு செய்தது மரணம்கூட அல்ல. நல்ல பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக நோயாளியை மனிதனாகப் பார்ப்பதை நிறுத்தும் விதம்தான். ஓய்வின்மை முதலில் தின்பது அறிவை அல்ல, இரக்கத்தை. அது போனபின்னும் ஒருவர் தேர்வில் முதல் வகுப்பில் தேறலாம் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

உலக மருத்துவச் சங்கம் 2017-இல் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, சிறந்த சிகிச்சை தரும்பொருட்டுத் தன் உடல்நலத்தையும் பேணுவேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைப் புதிதாகச் சேர்த்தது. தன்னலம் என்று நாம் கருதிவந்ததை அது கடமைகளின் வரிசையில் வைத்தது. என் வாதமும் அதுவே. உறக்கம் படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பரிசாக இருக்கக்கூடாது, அது பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும். அப்படியானால் அதைத் தர வேண்டிய பொறுப்பு கல்லூரிக்கு உரியது.

*

கணிகண்ணன் கதையில் இரவுத் தங்கலை விடவும் பெரிய செய்தி ஒன்று உண்டு. நாடு கடத்தப்பட்டது சீடன் மட்டுமே. ஆசானுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. அவர் கோயிலிலேயே இருந்து, சீடனுக்கு மன உறுதி பற்றி நான்கு நல்ல வார்த்தைகள் சொல்லி வழியனுப்பியிருக்கலாம். அவர் உடன் போனார். அவர் போனதால்தான் மன்னன் இறங்கி வந்தான். தனியாகப் போயிருந்தால் கணிகண்ணனைத் தேடி யாரும் ஓரிக்கைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

நம் மருத்துவ ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். பணி அட்டவணையை எழுத்தில் போட்டுத் துறையின் சுவரில் ஒட்டுங்கள். இரவுப் பணி முடிந்தவரை மறுநாள் காலை அறைக்கு அனுப்புங்கள், அவராகக் கேட்கும்வரை காத்திராதீர்கள். இரண்டு நாள் வகுப்புக்கு வராத பிள்ளையின் பெயரை வருகைக் குறைவுப் பட்டியலில் ஏற்றுமுன், ஒருவரை அனுப்பி விடுதி அறையைத் தட்டச் சொல்லுங்கள். தமிழக அரசு 2022 டிசம்பரில் மாணவர்களுக்காக 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே பேசியது தன் துறைத் தலைவரின் காதுக்குப் போகாது என்ற நம்பிக்கை மாணவருக்கு இருந்தால்தான் அதன் கதவு திறக்கும். உள்மதிப்பெண் போடும் கையிடம் யாரும் மனத்தைத் திறப்பதில்லை. வெளியாரிடம் பேச விரும்புபவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

மாணவர்களிடம் கேட்க எனக்கு அதிகமில்லை. ஏற்கெனவே எல்லோரும் அவர்களிடம் நிறையக் கேட்டுவிட்டோம். தாங்க முடியாதபோது ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்பது மட்டுமே. ஓராண்டு தள்ளிப் படித்த மருத்துவரிடம் எந்த நோயாளியும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் 'இன்டர்னல்ல எவ்வளவு மார்க்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அதற்கு முன்னால் 'ராத்திரி தூங்கினியாப்பா?' என்று கேளுங்கள். பதில் 'தூங்கினேன்' என்று பொய்யாகக்கூட இருக்கலாம். அடுத்த வாரமும் கேளுங்கள். உன் உறக்கத்தில் எங்களுக்கு அக்கறை இருக்கிறது, அது நீ எங்களிடமிருந்து திருடும் பொருள் அல்ல என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவிக்கத் தறிக்காரத் தகப்பனுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.